நீருக்குள் ஓர் இரைச்சல்

துறைமுக மேடையில் நின்று பார்த்தால், நங்கூரமிட்ட கப்பல்கள் ஓசையின்றி உறங்குவதாகவே தோன்றும். அத்தோற்றம் பொய் என்பதை அண்மையில் வாசித்து அறிந்தோம். பாடசாலையில் நாம் தமிழும் வரலாறும் படிப்பித்தோமேயன்றி விஞ்ஞானம் படிப்பித்ததில்லை; ஆயினும் அறிந்ததை இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கின்றோம்.

1826ஆம் ஆண்டு ஜெனீவா ஏரியில் கொலாடன் என்னும் அறிஞர் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். ஓர் ஓடத்திலிருந்து நீரினுள் தொங்கவிடப்பட்ட மணி அடிக்கப்பட்ட அதே கணத்தில், மேலே வெடிமருந்து கொளுத்தப்பட்டது. பதின்மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் அவர் நீரில் அமிழ்த்திய குழாயிற் காதை வைத்துக் காத்திருந்தார். வெளிச்சத்துக்கும் மணியோசைக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு கணித்தபோது, நீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1435 மீற்றர் எனத் தெரிந்தது. காற்றிலோ அது ஏறத்தாழ 340 மீற்றர் மட்டுமே.

நீரில் எழும் ஒலி நீர்மட்டத்தை முட்டியதும் அதன் பெரும்பகுதி கீழே திரும்பிவிடுகின்றது. கரையில் நிற்கும் நமக்கு அது எட்டாமைக்கு இதுவே காரணம். ஆழங்குறைந்த துறைமுகத்தில் அவ்வொலி மேலும் கீழும் மோதி, மேடைச் சுவர்களிலும் தெறித்து, ஒன்று பலவாகும். கப்பலை உந்தும் விசிறி வேகமாகச் சுழலும்போது நீரில் குமிழிகள் தோன்றி உடைகின்றன. பேரிரைச்சலுக்கு அவையே முதற்காரணம். நங்கூரமிட்ட கப்பலிலும் மின்பிறப்பாக்கிகள் ஓய்வதில்லை.

கனடாவின் வன்கூவர் துறைமுகத்தை நாடும் கப்பல்கள் செல்லும் ஹாரோ நீரிணையில் ஓர்காத் திமிங்கிலங்கள் சில குடும்பங்களாக வாழ்கின்றன. எஞ்சியிருப்பவை எண்பதுக்கும் குறைவு. பிள்ளைகள் வளர்ந்த பின்னரும் தாயை விட்டுப் பிரிவதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனக்கென ஒரு பேச்சுவழக்கு உண்டு. குட்டிகள் அதனை மூத்தோரிடம் கேட்டே கற்கின்றன. இரை தேடுவதும் ஒலியெழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே. இரைச்சல் மிகுந்தால் இரையும் அகப்படாது, உறவின் குரலும் கேளாது.

2017ஆம் ஆண்டு அந்நீரிணையில் கப்பல்கள் வேகத்தைக் குறைத்துச் செல்லுமாறு கேட்கப்பட்டன. பல கப்பல்கள் இணங்கின, இரைச்சலும் குறைந்தது. இரைச்சல் குறைந்த கப்பல்களுக்கு அத்துறைமுகம் கட்டணச் சலுகையும் வழங்கத் தொடங்கியது. சற்றுத் தாமதமாக வந்துசேர்வதே கப்பலுக்கு நேரும் இழப்பு.

தாயின் குரல் கேட்டாலன்றிப் பிள்ளைக்கு மொழி வாய்க்காது. நம் வீடுகளில் தொலைக்காட்சியின் சத்தத்தைச் சற்றே குறைக்கவும் இது நினைவூட்டுமாயின் மகிழ்வோம்.