எழுபது மணி நேரமும் எட்டு காசும்

இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்திக்கு எழுபது மணி நேரம் போதவில்லை. 2023 அக்டோபரில் இந்திய இளைஞர்களை வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கச் சொன்னவர், 2025 நவம்பரில் சீனாவின் '9-9-6' வழக்கத்தைக் காட்டி 72-க்கு வந்துவிட்டார். காலை 9 முதல் இரவு 9 வரை, வாரத்துக்கு 6 நாள். அது சட்டத்துக்குப் புறம்பானது என்று சீன உச்ச மக்கள் நீதிமன்றமே 2021 ஆகஸ்டில் சொல்லிவிட்ட செய்தி பெங்களூருக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும். இடையில் 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் ஏலத்தை 90-க்கு ஏற்றினார். வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். 2023-24-ல் அவருடைய ஊதியம் 51 கோடி ரூபாய்; அதே நிறுவனத்தின் இடைநிலை ஊழியர் வாங்குவதைப் போல 534 மடங்கு.

பெரிய மனிதர்கள் பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. இந்தப் பேச்சு மாவட்டத் தலைநகரங்களுக்கும் கல்லூரி அரங்குகளுக்கும் இறங்கி வருகிறது. அதிகாலை எழுந்திரு, இலக்கை எழுதிவை, மனநிலையை மாற்று, வெற்றி உனதே என்று மேடைகள் முழங்குகின்றன. கேட்கும் பிள்ளை வீடு திரும்பும்போது ஒரே ஒரு முடிவோடு திரும்புகிறது: அப்பா முன்னேறாததற்கு அப்பாவின் பழக்கம்தான் காரணம்.

அந்தப் பிள்ளையின் வீடு முள்ளிப்பட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரணியை ஒட்டிய பட்டு நெசவு ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பட்டுத்தறி வீட்டில் அதிகாலை எழுவதற்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. வெயில் ஏறுமுன் தெருவில் பாவு விரித்து முடித்தாக வேண்டும். மழை என்றால் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறும், வேலை நிற்கும், கூலியும் நிற்கும். மனைவி முகத்தைப் பார்க்கும் கேள்விக்கும் இங்கே இடமில்லை. கணவர் நாடா ஓட்டும் அதே அறையில் மனைவி ஊடைக்கு, அதாவது குறுக்கிழைக்கு, தார் சுற்றிக்கொண்டிருப்பார். பல வீடுகளில் அந்த வேலைக்குத் தனிக் கூலியும் கிடையாது.

வெற்றி மேடைகளுக்கு மிகப் பிடித்த எண் ஒன்று உண்டு: பத்தாயிரம் மணி நேரம். ஒரு தொழிலில் அவ்வளவு நேரம் பழகினால் மேதை ஆகலாம் என்பது மால்கம் கிளாட்வெல் 2008-ல் எழுதிய 'அவுட்லையர்ஸ்' நூலால் பரவிய நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று குறைத்தே வைத்தாலும் தறியில் 2,400 மணி நேரம். நான்கேகால் ஆண்டில் பத்தாயிரத்தைத் தாண்டியாயிற்று. முப்பது ஆண்டு தறியில் உட்கார்ந்தவர் 72,000 மணி நேரம் கண்டவர், அதாவது ஏழு மேதைகளுக்குச் சமம். கைத்திறனில் அவர் மேதைதான், சந்தேகமில்லை. வருமானத்துக்கு 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பைப் பார்க்க வேண்டும்: இந்தியாவின் நெசவாளர் குடும்பங்களில் 66.3 சதவீதத்தின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழே. தனி ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு.

அந்தப் பத்தாயிரத்தின் மூலத்தையும் மேடையில் யாரும் படிப்பதில்லை. ஆண்டர்ஸ் எரிக்சனும் சக ஆய்வாளர்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு அது; பெர்லின் இசைக் கழகத்து வயலின் மாணவர்களைப் பற்றியது. கூலிக்குச் செய்யும் வேலையும் திறன் வளர்க்கும் பயிற்சியும் வெவ்வேறு என்று எரிக்சன் அதில் தெளிவாகப் பிரிக்கிறார். தவற்றைத் திருத்த ஆசிரியர் வேண்டும், மெதுவாகச் செய்து பார்க்க அவகாசம் வேண்டும். அந்த மாணவர்களில் சிறந்தவர்கள் நாளுக்குச் சராசரியாக 8.6 மணி நேரம் தூங்கினார்கள் என்பதும் அதிலேயே இருக்கிறது. தொண்ணூறு மணி நேரக்காரர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டார்கள்.

தறியில் நடப்பது இதற்கு நேர் எதிர். புது டிசைன் ஏற்றினால் முதல் சேலை மெதுவாகத்தான் இறங்கும். கூலியோ சேலைக்குத்தான், நேரத்துக்கு அல்ல. ஆக, கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு நாளும் நெசவாளருக்கு நஷ்டம். கற்பவருக்கு அபராதம் போட்டுவிட்டு, கற்கும் மனநிலை இல்லையே என்று வருத்தப்படுவது என்ன நியாயம்?

இனி, இந்த விவாதத்தையே முடித்துவைத்திருக்க வேண்டிய ஆய்வு. அதற்கு ஹார்வர்டு வரை போக வேண்டாம். ஹார்வர்டு இங்கே வந்தது. ஆனந்தி மணி, தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. ஆய்வு நடந்த களம் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள். முள்ளிப்பட்டு இருப்பதும் திருவண்ணாமலை மாவட்டத்தில்தான். 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள். கரும்புக்குப் பணம் அறுவடை முடிந்த பிறகு மொத்தமாக வரும். அதனால் ஒரே விவசாயி ஆண்டின் ஒரு பாதியில் கையில் காசில்லாதவர், மறு பாதியில் காசுள்ளவர். அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்பு 4 சதவீதம். அவர்களுக்கு வடிவங்களைப் பொருத்தும் அறிவுத்திறன் சோதனையை இருமுறையும் வைத்தார்கள். முன்பு சராசரியாகச் சரியான விடை 4.35; பின்பு 5.45.

அதே மனிதர், அதே மூளை, அதே வளர்ப்பு. இடையில் எந்தப் பேச்சாளரும் வரவில்லை, யாரும் இலக்கை எழுதிவைக்கவில்லை. பணம் வந்தது, தலை தெளிந்தது. புள்ளிவிவர முறை பற்றிச் சிலர் அதே இதழில் மறுப்பு எழுதினார்கள், ஆய்வாளர்கள் பதில் சொல்லிவிட்டார்கள், அதோடு விடலாம். கரும்பு விவசாயிக்கு ஆண்டில் ஒருமுறையாவது அறுவடை உண்டு. முதலாளி என்று தறிக்காரர்கள் சொல்லும் மாஸ்டர் வீவரிடம் முன்பணம் வாங்கி, சேலைக்குச் சேலை அதைக் கழித்துக்கொண்டிருக்கும் கூலி நெசவாளருக்கு ஆண்டின் பன்னிரண்டு மாதமும் அறுவடைக்கு முந்தைய மாதம்தான்.

உடனே ஒரு பதில் வரும்: நல்லியைப் பாருங்கள்! காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்திலிருந்து வந்து 1928-ல் தியாகராய நகரில் கடை போட்ட நல்லி சின்னசாமி செட்டியைச் சொல்லாத முன்னேற்ற மேடை இல்லை. அவர் உழைப்பாளி என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் அவர் வளர்ந்தது தறியில் கூடுதல் மணி நேரம் உட்கார்ந்ததால் அல்ல, தறியை விட்டுக் கல்லாவுக்கு வந்ததால். பட்டு வணிகத்தில் பணம் எங்கே நிற்கிறது என்பதற்குத்தான் அவர் உதாரணம். ஒழுக்கம் இல்லாமல் எதுவும் நடக்காது என்பவர்களுக்கும் ஒரு வரி போதும்: ஒழுக்கமில்லாதவர் சேலையில் இழை நேராக விழாது.

பழக்கம் எப்படி உருவாகிறது என்பதற்கு நல்ல சான்று ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கைத்தறிக் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்கான சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம். கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் பங்கு, 4 காசு மாநில அரசின் பங்கு. கூலி கைக்கு வருமுன்பே எட்டு காசு ஒதுங்கிவிடும். மன உறுதிக்கு அங்கே வேலையே இல்லை. ஜேம்ஸ் கிளியர் என்ற அமெரிக்கர் சிறு பழக்கங்களின் பெருமையை 2018-ல் 'அட்டாமிக் ஹேபிட்ஸ்' என்ற நூலாக எழுதி உலகெங்கும் விற்றார். கூட்டுறவு நெசவாளர் வீட்டுப் பாஸ்புக்கில் அந்த நூலின் சாரம் எப்போதோ அச்சாகிவிட்டது. ஆனால் தனியார் முதலாளிக்குக் கூலிக்கு நெய்பவருக்கு அந்தப் பாஸ்புக் கிடையாது. அதே ஊர், அதே தெரு, அதே தறி. ஒருவர் சேமிப்பவர், பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் ஊதாரி என்று எந்த மனவியல் சொல்லும்?

செய்ய வேண்டியது இரண்டு. தனியார் தறிகளுக்கும் அந்த எட்டையும் நான்கையும் நீட்டி, முதலாளியையும் ஒரு பங்கு போட வைக்க வேண்டும். புது டிசைனின் முதல் சேலைக்கு நாள் கூலி தர வேண்டும். அரசுப் பணத்தில் நடக்கும் ஊக்கப் பேச்சுகள் அத்தனையையும் ஒரே ஆணையில் நிறுத்தினால் தொடக்கச் செலவில் ஒரு பகுதிக்காவது ஆகும். இவை நடந்தால், தறியை விட்டுச் சென்னைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போன பிள்ளைகளில் சிலராவது ஊர் திரும்ப யோசிக்கலாம். நிதித் துறை வழக்கம்போல முகம் சுளிக்கும். ஆனால் கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-ல் 300 யூனிட்டாக உயர்த்த மாநில அரசால் முடிந்தது.