ஐம்பதுக்கு மேல நமக்கும் ஒரு ஆட்டம் வேணும்



விவசாயி கோல்ஃப்பைப் பத்தி எழுதுறானேன்னு சிரிக்காதீங்க. ஐப்பசியில ஒரு கல்யாணத்துக்கு ஊட்டி போனப்ப, அங்க கோல்ஃப் மைதானத்து ஓரமா நின்னு ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். ஆடின நாலு பேருமே அறுபதைத் தாண்டினவங்க. நம்ம ஊர்ல நாப்பது வயசுக்கு மேல ஆம்பளைக்கு என்ன விளையாட்டு இருக்கு? பொங்கலுக்குக் கபடி, கிரிக்கெட் எல்லாம் பசங்களுக்குத்தான். நாம பந்தல்ல உக்காந்து பரிசு குடுக்கலாம். மத்த நாள்ல டீக்கடை பெஞ்சு, இல்லன்னா டாஸ்மாக். பொம்பளைங்களுக்குக் கோலப் போட்டியோட சரி.

கூட வந்த மச்சானுக்கு அந்த ஆட்டம் தெரியும். அவர் சொன்னதுல ரெண்டு விஷயம் மனசுல நின்னுடுச்சு.

ஒண்ணு, 'ஸ்கிராம்பிள்'னு ஒரு அணி ஆட்டம். நாலு பேரும் அடிக்கணும். எந்தப் பந்து நல்ல இடத்துல விழுந்துதோ, அங்க இருந்தே நாலு பேரும் அடுத்த அடி அடிக்கணும். ஒருத்தர் சொதப்பினாலும் ஆட்டம் கெடாது. இன்னொண்ணு 'ஹேண்டிகேப்'. 72 அடியில முடிக்க வேண்டிய மைதானத்தை ஒருத்தர் வழக்கமா 90 அடியில முடிக்கிறார்னா, அவருக்கு ஏறக்குறைய 18 அடி கழிச்சுடுவாங்க. கத்துக்குட்டியும் கெட்டிக்காரனும் சமமா மோதலாம்.

அடிக்கிற விதத்தையும் மச்சான் சொன்னார். பிடியை இறுக்காதே, கண்ணு பந்து மேலயே இருக்கட்டும், இடுப்பு திரும்பினா கை தானா வரும், அடிச்ச பிறகும் வீச்சைப் பாதியில நிறுத்தாதே. இது எங்கப்பா மண்வெட்டி பிடிக்கச் சொல்லிக்குடுத்த பாடமாச்சே! புதுசா பிடிக்கிறவன் தோள் பலத்துல வெட்டுவான், அரை மணியில உள்ளங்கை கொப்பளிச்சிடும். பழகினவன் மண்வெட்டியோட கனத்தையே வேலை செய்ய விடுவான். சின்ன வயசுல கில்லி தாண்டு ஆடினவங்களுக்கும் இது தெரியும். முரட்டு அடிக்குக் கில்லி மண்ணுலதான் குத்தும்.

திறமை பணக்காரங்க சொத்து இல்ல. டெல்லி கிளப்புல மத்தவங்க பையைத் தூக்கிட்டு நடந்த அலி ஷேர், 1991ல இந்தியன் ஓப்பன் ஜெயிச்சார். பெங்களூர் முனியப்பாவும் அப்படிப் பை தூக்கினவர்தான். அவர் 2009ல அதே கோப்பையை ஜெயிச்சார்.

அதுக்காகத் திருவண்ணாமலையில கோல்ஃப் மைதானம் கேட்கல. 18 குழி மைதானத்துக்கு நூறு ஏக்கர் மாதிரி நிலம் வேணும், அந்தப் புல்லுக்குத் தினம் தண்ணி வேணும். கோடையில கிணறு வத்துற நமக்கு அது ஆகாது. அவங்க விதிய மட்டும் எடுத்துக்கலாம்.

காணும் பொங்கலன்னிக்கு அதை முயற்சி பண்ணோம். மந்தைவெளி வேப்பமரத்துல ஆரம்பிச்சு, அந்தக் கோடியில இருக்கிற எல்லைக் கல்லு வரைக்கும், குறைஞ்ச அடியில கில்லியக் கொண்டு போற அணிக்கு ஜெயம். அணிக்கு நாலு பேர், 45க்கு மேல இருக்கணும். அறுபது தாண்டினவர் எத்தனை பேரோ, அத்தனை அடி கழிவு. சீட்டுக் குலுக்கினதுல என் அணியில விழுந்தது என் பங்காளி. வரப்புத் தகராறுல ஆறு வருசமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல. மூணாவது அடியில யாரோட கில்லிய எடுக்கிறதுன்னு வந்தப்ப, "உன்னுது முள்ளுல கிடக்கு, என்னுத எடு"ன்னார். நான் "சரி"ன்னேன். வரப்பு இன்னும் அப்படியேதான் இருக்கு. ஆனா வாய் திறந்துடுச்சு. பெரிய மனுசங்க வச்சு நடத்தின பஞ்சாயத்துல நடக்காதது இது.

பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கிற காலுக்கு, வாரம் ஒரு நாள் ஆட ஒரு இடம் வேணும். சுத்துப்பட்டுல மனைப்பிரிவு போடுற வேகத்தைப் பார்த்தா, இந்த மந்தைவெளியும் எத்தனை நாளைக்கோ! அதை விளையாட்டுக்குன்னு ஒதுக்கித் தீர்மானம் போடச் சொல்லி மே 1 கிராம சபையில கேட்கப் போறேன். பங்காளியும் கையெழுத்துப் போடுறேன்னு சொல்லியிருக்கார்.

உங்க ஊர் மந்தைவெளி இன்னும் இருக்கா? இருந்தா, இப்பவே கேளுங்க.