இறக்கத்தில் வேகம் ஆபத்து! மனக்காய வைத்தியத்துக்கும் அதே விதி

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் இருக்கிறது தொப்பூர் கணவாய். நீண்ட இறக்கம் அது. 2024-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி அங்கே லாரிகளும் கார்களும் மோதின. 4 பேர் மாண்டார்கள். அந்தக் கோரக் காட்சி கைபேசிகளில் ஊர் ஊராகச் சுற்றியது.

விபத்து நடந்தால் செத்தவர்களைக் கணக்கு எடுக்கிறார்கள். கை, கால் முறிந்தவர்களையும் கணக்கு எடுக்கிறார்கள். மனம் முறிந்தவர்களை யார் கணக்கு எடுக்கிறார்கள்?

நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பேர் போன ஊர். அங்கே ஒரு டிரைவர் விபத்தில் உயிர் தப்பினார் என்று வைத்துக்கொள்வோம். உடம்பில் கீறல் இல்லை. ஆனால் கண்ணை மூடினால் அதே சத்தம். பிரேக் ஓசை கேட்டால் உடம்பு நடுங்குகிறது. வண்டியில் ஏறாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. ஏறினாலோ கை உதறுகிறது.

இது கோழைத்தனமா? இல்லை. போருக்குப் போய் வந்த சிப்பாய்களிடமும் டாக்டர்கள் இதைக் கண்டார்கள். 1980-ல் அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கம் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

கொட்டிவிடச் சொல்லலாமா?

"நடந்ததை எல்லாம் சொல்லி அழுது விடு, பாரம் குறையும்" என்பார்கள் உறவினர். நல்ல எண்ணம்தான். ஆனால் வற்புறுத்துவது ஆபத்து. தயாராகாத மனம் அதே விபத்தில் இன்னொரு முறை சிக்கிக்கொள்ளும். நடந்ததைச் சொல்லும்படி யாரையும் நெருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது.

அப்படியானால் பேசவே கூடாதா? பேசலாம். மலை மேலேயே வண்டியை நிறுத்தி வைக்க முடியுமா? இறங்கித்தான் ஆக வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் பிரேக் தாங்காது. சின்ன கியரில் மெதுவாக இறக்கினால் வீடு வந்து சேரலாம்.

மூன்று படிகள்

அமெரிக்க மனநல டாக்டர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் இந்த வைத்தியத்தை மூன்று படியாகப் பிரித்துக் காட்டினார். முதலில் பாதுகாப்பு. பிறகு நினைவுகளைப் பேசித் துக்கம் ஆற்றுதல். கடைசியில் பழைய வாழ்வோடும் மனிதரோடும் மீண்டும் சேருதல்.

முதல் படியில் விபத்துப் பேச்சு தேவையில்லை. தூக்கம், சாப்பாடு, பயம் வந்தால் அடக்கும் வழி, இவைதான் பாடம். காலைத் தரையில் ஊன்றி, அறையில் கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சொன்னால், மனம் விபத்து நடந்த இடத்தை விட்டு இந்த இடத்துக்குத் திரும்பும். அதன் பிறகே விபத்தைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச வேண்டும். நோயாளி கை காட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். பிரேக் நோயாளியின் காலடியில் இருக்க வேண்டும். டாக்டரின் காலடியில் அல்ல.

குடும்பம் செய்ய வேண்டியது

விபத்துப் படத்தை அவரிடம் காட்டாதீர்கள். "ஆம்பிளை அழலாமா?" என்று கேட்காதீர்கள். தூக்கத்துக்கென்று மதுவைப் பழக்காதீர்கள். அன்பும் ஓய்வும் கிடைத்தால் பலர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஒரு மாதம் ஆகியும் தேறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். செத்துப் போகலாம் என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திராதீர்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற அரசு உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை. மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 2017-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

லாரி முதலாளிகளுக்கும் பொறுப்பு உண்டு. விபத்தில் தப்பிய டிரைவரை மறுநாளே நெடும் பயணத்துக்கு அனுப்பலாமா? தூக்கம் கெட்டவர் ஓட்டும் வண்டி எதிரே வருபவருக்கும் எமன் அல்லவா? சில வாரம் ஓய்வு, பிறகு பகலில் பக்கத்து ஊர், அப்புறம் தூரப் பயணம் என்று படிப்படியாகப் பழக்கலாம்.

நசுங்கிய லாரி பட்டறைக்குப் போகிறது. சரியாகும் வரை யாரும் அதை ரோட்டில் ஓட்டுவதில்லை. லாரிக்குக் கிடைக்கும் அந்தப் பொறுமை, அதை ஓட்டிய மனிதனுக்கும் கிடைக்க வேண்டாமா?