ஆபீஸுக்கு அழைக்கிறார்களா? குழந்தைக்காக வேலையை விடும் முன்...

'இனி வாரம் ஐந்து நாளும் ஆபீஸ்' என்று மெயில் வந்ததும், சின்னக் குழந்தை இருக்கும் பல அம்மாக்களுக்கு முதலில் வரும் யோசனை, 'வேலையை விட்டுடலாமா?' என்பதுதான்.

2020 கொரோனா ஊரடங்கில் பரவலான வொர்க் ஃப்ரம் ஹோம், பல நிறுவனங்களில் முடிவுக்கு வந்துவிட்டது. டி.சி.எஸ் 2023 அக்டோபரிலேயே ஊழியர்களை ஐந்து நாளும் வரச் சொன்னது. பார்த்துக்கொள்ள தாத்தா, பாட்டி பக்கத்தில் இல்லாத வீடுகளில் இது பெரிய சிக்கல்.

ராஜினாமா கடிதம் எழுதும் முன், ஹெச்.ஆரிடம் கேளுங்கள்: 'நம்ம ஆபீஸில் க்ரெச் இருக்கிறதா?'

மகப்பேறு பலன் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தம் கொடுத்த உரிமை இது. 50 ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால், நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்துதர வேண்டும். ஆண் ஊழியர்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். ஓய்வு இடைவேளையையும் சேர்த்து, அம்மா தினமும் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம்.

மகப்பேறு விடுப்பு முடிந்தவர்கள், வேலையின் தன்மை அனுமதித்தால், நிர்வாகத்துடன் பேசி சில காலம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கவும் அதே திருத்தம் வழி தந்தது.

காப்பகம் கிடைத்ததும், ஆபீஸ் தொடங்க இரண்டு வாரம் முன்பே குழந்தையைப் பழக்குங்கள். முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள்.

கேட்பதை வாய்வார்த்தையாகக் கேட்காமல், மெயிலில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் இருக்கும்.