எண்ணி அமுக்குவோம்!

 

போன மாசம் எங்க வீட்டு ஆசாரத்தில் அப்பா புது எல்.இ.டி. பல்பு மாட்டினார். சுவிட்சைப் போட்டால் வெள்ளை வெளிச்சம். அணைத்து உடனே போட்டால் மஞ்சள். இன்னொரு தடவை அணைத்துப் போட்டால் இரண்டுக்கும் நடுவான நிறம். "இதென்ன கண்ணு, லைட்டு கெட்டுப்போச்சா?" என்று அப்பத்தா கேட்டாங்க. கெடவில்லை. கரண்ட் நின்று வந்ததைப் பல்புக்குள் இருக்கும் சின்னச் சில்லு கவனித்து நிறத்தை மாற்றுகிறது. இரண்டே நாளில் தனக்குப் பிடித்த மஞ்சளுக்கு மாற்ற அப்பத்தாவே பழகிட்டாங்க. அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும்!

ஒரே சுவிட்சை எத்தனை தடவை அமுக்குகிறோம் என்பதை வைத்து வேறு வேறு வேலை வாங்கலாமே என்று எனக்குத் தோன்றியது. இது வெறும் கனவு இல்லை. 2017 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் செல்போன்களில் அவசர பட்டன் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை வேகமாக மூன்று தடவை அமுக்கணும். பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்கணும். 112-க்கு அழைப்பு போகும். போனுக்குப் போன் இது கொஞ்சம் மாறும். வீட்டுப் பெரியவங்களோடு சேர்ந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகள்.

"வாயால சொன்னாலே லைட் எரியற காலத்துல சுவிட்சு எதுக்குடி?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் ராத்திரியில் நெஞ்சு வலித்தால் அப்பத்தா கண்ணாடியைத் தேடி, போனைத் தேடி, அதில் ஆப்பைத் தேட முடியுமா? கை தானாகப் போவது கட்டில் பக்கத்துச் சுவிட்சுக்குத்தான். அதை மூன்று தடவை அமுக்கினால் அப்பா தூங்கும் அறையில் மணி அடிக்கணும். கரண்ட் இல்லாவிட்டாலும் பேட்டரியில் அடிக்கணும். இதுதான் என் ஆசை.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. போன வாரம் காத்து மழையில் கரண்ட் விட்டு விட்டு வந்தது. யாரும் தொடாமலே பல்பு நிறம் மாறியது! பல்பு மாறினால் சிரிக்கலாம். மோட்டார் ஓடினால்?

இந்தியாவின் முதல் மின் மோட்டார் 1937-இல் ஜி.டி.நாயுடுவின் முயற்சியால் நம்ம கோவையில் உருவானது. இன்று நம்ம தோட்டங்களில் செல்போனிலேயே மோட்டார் போடுகிறார்கள். கரண்ட் வந்ததும் தானாக ஓடும் ஆட்டோவும் ஸ்டார்ட்டரில் இருக்கிறது. மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலத்தில், பாம்பு பூச்சிக்குப் பயந்து நடுராத்திரியில் தோட்டத்துக்கு ஓடாமல் காப்பாற்றியதே அந்த ஆட்டோதான் என்று அப்பா சொல்வார். ஆனால் இரண்டு வருசத்துக்கு முன்னாடி, ஆட்டோவை எடுக்க மறந்துவிட்டு மாமா கம்ப்ரசர் மோட்டாருக்கு பெல்ட் மாட்டினார். திடீரென்று கரண்ட் வந்தது. அவருடைய இரண்டு விரல் நசுங்கிப்போச்சு.

அதனால் என் கருத்து இதுதான். நிறுத்துவதற்கு ஒரே அமுக்கு போதும். ஓட விடுவதற்கு மூன்று அமுக்கு வேண்டும். கரண்ட் போய் வருவதை அமுக்காக எண்ணவே கூடாது. எந்தக் கருவி வந்தாலும், மோட்டாரில் கை வைக்கும் முன்னே மெயினை அணைத்து பியூஸைப் பிடுங்கிவிட வேண்டும்.

அறிவியல் கண்காட்சிக்கு ஒரு பேட்டரி, ஒரு மணி, ஒரு சுவிட்ச் வைத்து அப்பத்தா மணியைச் செய்து பார்க்கப் போகிறேன். அறிவியல் டீச்சர் உதவணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தோழிகளே, தோழர்களே! இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஒன்று மட்டும் பாருங்கள். படுத்தபடி கை நீட்டினால் உங்க அப்பத்தாவுக்குச் சுவிட்ச் எட்டுகிறதா?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி