சுற்றுலாப் பட்டதாரிகளின் ஒப்படையும் புள்ளியும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளொன்றையே எடுப்பேனென அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். ஆயின் நம் பழைய மாணவரொருவர் சென்ற ஆண்டு கொணர்ந்து காட்டிய ஒப்படையொன்று இன்னும் என் நெஞ்சை விட்டகலவில்லை. பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழன்றி வேறு பட்டமெதுவும் இல்லாதவன் பட்டப்பின் படிப்பின் புள்ளியைப் பற்றிப் பேசுவதோ என வினவுவார் உளராயின், இருபதாண்டுக்கு மேலாகக் கொப்பி திருத்தியவன் என்பதே என் விடை.

இலங்கை உல்லாசப் பிரயாண சபை 1966 இல் நிறுவப்பெற்ற காலத்தில் சுற்றுலாவைத் தொழிலென்றே மக்கள் கருதினர். இன்று அது பல்கலைக்கழகங்களிற் பட்டத்துக்கும் பட்டப்பின் படிப்புக்கும் உரிய துறையாயிற்று. 2018 இல் இந்நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தனர். 2021 இல் அத்தொகை 2 இலட்சத்தையும் எட்டவில்லை. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டிற்று. இத்துணை ஏற்றத்தாழ்வு கண்ட தொழிலுக்குக் கற்றவர் தேவை என்பதில் ஐயமில்லை.

நிற்க. அம்மாணவர் கொட்டாஞ்சேனையிற் பிறந்து வளர்ந்தவர். கொழும்பின் ஒரு பகுதியில் வெளிநாட்டாருக்கான நடைப்பயணமொன்றைத் திட்டமிடுக என்பது அவருக்கிடப்பட்ட பணி. தம் ஊரையே எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் முப்பது பக்கம். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என நான்கு கட்டங்கள் வரைந்திருந்தார். பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு ஒரே வரி. ‘கவர்ச்சியான இந்து ஆலயம்’ என்பது அவ்வரி. புள்ளி நடுத்தரம். ‘நூற்பட்டியல் போதாது’ எனப் பரீட்சகர் குறித்திருந்தார்.

அன்று மாலை என் வீட்டுத் திண்ணையில் அவர் வாயாற் சொன்னவற்றுள் ஒன்றேனும் அம்முப்பது பக்கத்திலும் இல்லை. சைவக் குடும்பத்தவராயினும் செவ்வாய்தோறும் அம்மம்மாவுடன் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குச் சென்று மெழுகுதிரி ஏற்றியது, 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள் அவ்வாலயத்திற் குண்டு வெடித்தபின் தெரு முழுவதும் வாய்மூடிக் கிடந்தது, செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி ஆடிவேல் புறப்படும் நாளில் எந்த மூலையில் நின்றால் தேரை நன்கு காணலாம் என்பது, இவற்றையெல்லாம் விரித்துரைத்தார். “ஏன் எழுதவில்லை?” என்றேன். “அதுக்குப் புத்தகச் சான்று இல்லையே, சேர். இங்கிலீசில எழுதவும் வரேல்லை” என்றார்.

அவ்வகுப்பில் உயர்ந்த புள்ளி பெற்ற ஒப்படையையும் அவர் கொணர்ந்திருந்தார். அது வெள்ளவத்தையைப் பற்றியது. ஆங்கிலம் வழுவழுப்பாய் ஓடிற்று. மனிதர் எழுதினாரோ இக்காலத்து இயந்திரம் எழுதிற்றோ யானறியேன். நடுவே, வெள்ளம் பெருகும் தோட்டமாதலின் வெள்ளவத்தையாயிற்று என்றொரு விளக்கம்! சிங்களத்தில் ‘வெல்ல’ மணற்கரை, ‘வத்த’ தோட்டம். காலி வீதியில் எக்கடையில் வினவினும் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். எழுதியவர் கேட்கவில்லை, திருத்தியவரும் கேட்கவில்லை.

இதனாற் செவிவழிச் செய்தியே போதும் என்று யான் கூறவில்லை. நம் மாணவரும் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கட்டியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனே என்றார். தந்தையார் பொன்னம்பல முதலியார் 1856 இல் எடுப்பித்த கோயிலை, மைந்தர் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுக்கினார் என்று திருத்த வேண்டியதாயிற்று. 1749 இற் கட்டத் தொடங்கிய வூல்பெண்டால் தேவாலயத்தின் பெயர் ஒல்லாந்த மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு எனப் பொருள்படும். ஓநாயே இல்லாத நாட்டில் இப்பெயர் ஏன் எனப் பயணி வினவுவான் அன்றோ? அதற்கு நூலைத்தான் நாடவேண்டும். நூலும் வேண்டும், தெருவும் வேண்டும்; இன்று புள்ளி முழுவதும் நூற்பட்டியலின் பக்கமே சாய்ந்துளது.

ஆதலின் பாதிப் புள்ளியைத் தெருவில் வழங்குக என்பேன். பரீட்சகர் மாணவருடன் நடக்கட்டும். பயணியைப்போல் இடைமறித்துக் கேட்கட்டும். களக்குறிப்பு தமிழிலோ சிங்களத்திலோ இருப்பினும் ஏற்கட்டும். நாற்பது பேருடன் நடக்க நேரமேது, வாய்ச்சாலகன் வென்றுவிடானோ என்பன நியாயமான தடைகளே. நால்வருக்கு ஒரு மணி நேரமெனினும் பத்து மாலைகள் போதும். வாய்ச்சாலகனோ வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டவுடன் வெளிப்பட்டுவிடுவான். பாடசாலை மட்டக் கணிப்பீடு நம்மிடையே மினுமினுக்கும் கோவைகளாய் முடிந்த கதையும் எனக்குத் தெரியும். அக்காமார் செய்து கொடுத்த ஒப்படைகளுக்குத் தெரிந்தே புள்ளியிட்டவருள் யானும் ஒருவன். கோவையைப் பிறர் செய்து தரலாம். தெருவிற் பிறர் வந்து நடந்து தர இயலாது.

அம்மாணவர் இப்பொழுது அக்கட்டுரையைத் தமிழில் மீள எழுதி வருகின்றார். வரும் விடுமுறையிற் செவ்வாய்க்கிழமையொன்றில் ஜம்பட்டா வீதி முனையிலிருந்து இருவரும் நடப்பதாகப் பேசியுள்ளோம். பரீட்சகரையும் உடன் வருமாறு அழைத்துக் கடிதம் எழுதியிருக்கின்றார். விடை இன்னும் வரவில்லை.