கணக்கு தப்பினால் கடல் பொறுக்குமா?

நார்வே நாட்டில் ஸ்டாவஞ்சர் என்ற கடற்கரை நகரம் இருக்கிறது. அதன் அருகே 1991-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி ஒரு பெரிய கட்டிடம் கடலில் மூழ்கியது.

அது குடியிருக்கும் வீடு அல்ல. கடலுக்கு அடியில் இருந்து எரிவாயு எடுக்கும் மேடையைத் தாங்கக் கட்டிய கான்கிரீட் அடிப்பாகம். பெயர், "ஸ்லைப்னர் ஏ." உயரம் 110 மீட்டர்.

அன்று சோதனை நடந்தது. கட்டிடத்துக்குள் தண்ணீர் விட்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் இறக்கினார்கள். "படார்" என்று ஒரு சத்தம்! சுவர் பிளந்தது. தண்ணீர் பாய்ந்தது. சுமார் 18 நிமிடத்தில் கட்டிடம் மறைந்தது.

மேலே இருந்தவர்கள் எல்லோரும் உயிர் தப்பினார்கள். நஷ்டமோ, சுமார் 70 கோடி டாலர்!

தவறு எங்கே?

கடலில் கீழே போகப்போகத் தண்ணீரின் அழுத்தம் கூடும். 65 மீட்டர் ஆழத் தண்ணீர், ஒரு சதுர மீட்டர் சுவரை 65 டன் பாரத்துடன் அழுத்தும். ஸ்லைப்னரின் சுவர், ஏறக்குறைய அந்த அழுத்தத்தில்தான் உடைந்தது.

சுவர் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டது. கட்டிடத்தை சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடுவது அதன் வழக்கம். உருளை போன்ற அறைகள் ஒன்றோடு ஒன்று சேரும் மூலையில், துண்டுகளைச் சரியாகப் பிரிக்கவில்லை. அதனால், சுவரை வெட்டும் விசை 100 பங்கு இருக்க, 53 பங்குதான் என்று விடை வந்தது. அதை நம்பிச் சுவரை மெல்லியதாகக் கட்டினார்கள். மூலையில் வைத்த கம்பியும் போதவில்லை.

பிறகு கவனமாகக் கணக்குப் போட்டார்கள். "62 மீட்டர் அழுத்தத்தில் சுவர் உடையும்" என்று விடை வந்தது! இதை முன்பே செய்திருந்தால்?

எது சரி?

கம்ப்யூட்டர் மீது பழி போடுவது எளிது. அது நியாயம் அல்ல. கொடுத்ததை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. விடை இயற்கைக்கு ஒத்து வருகிறதா என்று பார்ப்பது மனிதனின் கடமை.

கீழே இழுக்கும் எடையும், மேலே தள்ளும் தண்ணீரின் விசையும் சமமாக இருக்கிறதா? பாரம் குவியும் மூலையில் எண் கூடுகிறதா? காகிதத்தில் போட்ட சிறு கணக்கும் அதையே சொல்கிறதா? இந்த மூன்றையும் கேட்க ஒரு நாள் போதும்.

ஸ்லைப்னருக்குப் புதிய அடிப்பாகம் கட்டும்போது, பொறியாளர்கள் கையாலும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1993-ம் ஆண்டு புதிய மேடை கடலில் நின்றது.

கடைக்காரர் கூட, பெட்டியை மூடும் முன் கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்க்கிறார். கடலில் மனிதர்களை நிறுத்துகிறவர்கள் பார்க்க வேண்டாமா?

கணக்குதான் கடலுக்குக் கட்டுப்பட வேண்டும். கணக்குக்குக் கடல் ஒருநாளும் கட்டுப்படாது!